வாரியர்ஸ் வெல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலிய ரக்பி லீக் போட்டியின் இறுதிச்சுற்றில் இந்த வாரம் களமிறங்கும் நியூசிலாந்து வாரியர்ஸ் அணி எப்படியாவது வென்றுவிட வேண்டும் என்று கோபிச்செட்டிபாளையத்தில் இருந்தபடி வேண்டிக்கொள்ளும் ரசிகன் நான். ஆக்லாந்தில் வேலை பார்க்கும் என் மகன் மூலம் இந்த ஆட்டம் எனக்குப் பழக்கமானது. 1995-இல் இப்போட்டியில் சேர்ந்த அந்த அணி, 2002-இலும் 2011-இலும் இறுதி ஆட்டம் வரை முன்னேறியும் கோப்பையை இன்னும் கைப்பற்றவில்லை.

அணிக்கு 13 பேர் ஆடும் இந்த ஆட்டத்தில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அணியினர் ஆறு முறை மடக்கிப் பிடிக்கப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும் என்பதால், ஐந்தாவது மடக்கலுக்குப் பிறகு உதைக்கும் பந்து எங்கே விழுகிறது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. அந்தப் பந்து எல்லைக்கோட்டை ஒட்டி உருண்டு நின்று, எதிரணி தன் முனையிலேயே முடங்கிக் கிடக்க வேண்டும். அவசரத்தில் பந்தை நழுவவிடாமல் ஆடினாலே போதும், நம்மவர்கள் தேறிவிடுவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

கோயில் திருவிழாக் கபடியில் கணுக்காலைப் பிடித்து ஆளைச் சாய்ப்பதைப் பார்த்து வளர்ந்த கொங்குப் பகுதி இளைஞர்களுக்கு இதன் பிடி நுட்பம் எளிதில் விளங்கும். ஆகவே, ஆட்டத்தின் முடிவைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் நான்கு வரிகளிலாவது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோபிச்செட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.