அந்த ஒற்றைக் காலணி

அன்புள்ள தம்பி,

நேற்று மாலை, அரிசோனாவின் எலாயில் நாம் பாராசூட் குதிப்புக் கற்ற மையத்தில், என் நெற்றியில் சிவப்பு மையால் ‘ஏ’ என்ற எழுத்தை முத்திரையாகக் குத்தினார்கள். 25ஆவது குதிப்பும் வாய்மொழித் தேர்வும் முடிந்து, முதல் நிலையான ‘ஏ’ உரிமத்தின் அட்டையில் கடைசிக் கையொப்பம் விழுந்ததும் அங்கே அது வழக்கம். நாம் முதன்முதலாகப் போன அன்று யாரோ ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு அப்படிக் குத்தியதைப் பார்த்து, “நமக்கும் ஒருநாள், அக்கா” என்று சொன்னது நீதான். முகத்தைக் கழுவாமலே சாண்ட்லர் வரை காரை ஓட்டி வந்தேன். வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் தேதி உறைத்தது. நீ விழுந்து இன்றோடு ஓராண்டு.

உன் கணுக்காலைப் பற்றியும் மருத்துவமனைச் செலவைப் பற்றியும் இங்கே எழுத மாட்டேன். சித்தியும் பெரியப்பா வீட்டாரும் இதைப் படிப்பார்கள். அது நம் இருவருக்குள் இருக்கட்டும். ஆனால் நம்மைப் பற்றி ஊரார் அறிந்த கதையில் ஓர் இடம் விடுபட்டிருக்கிறது. அதை அவர்கள் பார்க்கவே எழுதுவதுதான் முறை என்று தோன்றுகிறது.

அன்று நான் அடுத்த விமானத்துக்கான வரிசையில், தொடைப் பட்டைகளை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தேன். நீ இறங்குவதை முழுவதும் பார்த்தேன். 300 அடியில் காற்றை எதிர்நோக்கி நீ திரும்பியது அழகாக இருந்தது. தரைக்கு இன்னும் இரண்டு மாடி உயரம் இருக்கும்போதே பாராசூட்டைத் திருப்பவும் வேகம் குறைக்கவும் உதவும் கைப்பிடிகளான இரண்டு டாகிள்களையும் இடுப்பு வரை இழுத்துவிட்டாய். பிறகு பதறிப்போய் அவற்றை மேலே விட்டாய். கேனோபி, அதாவது விரிந்த பாராசூட் துணி, முன்னால் பாய்ந்து உன்னைத் தரையில் அறைந்தது. புழுதி அடங்கியபோது நீ ஒரு கையைத் தூக்கினாய்.

“அது உன் தம்பிதானே, இருந்து பார்த்துவிட்டு வருகிறாயா?” என்று என் பயிற்றுநர் கேட்டார். “கையைக் காட்டிவிட்டான், ஒன்றும் இல்லை” என்றேன். நலமாக இருக்கிறேன் என்று காட்டினாயா, என்னைக் கூப்பிட்டாயா என்று இதுநாள் வரை உன்னிடம் நான் கேட்கவில்லை. விடை எனக்கு அங்கேயே தெரிந்திருந்தது. ட்வின் ஆட்டர் விமானம் 13,000 அடிக்கு ஏறிய கால் மணி நேரமும் சன்னல் பக்கம் திரும்பாமல், எதிரில் இருந்தவரின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே பார்த்தால் ஆம்புலன்ஸ் கண்ணில் பட்டுவிடும் என்று பயந்தேன்.

இறங்கி, கேனோபியைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தபோது நீ அங்கே இல்லை. கத்தரியால் லேஸை அறுத்துக் கழற்றிய உன் இடது காலணி மட்டும் சரளைக் கற்களின் மேல் கிடந்தது. “அக்கா எங்கே என்று இரண்டு முறை கேட்டான்” என்றார் ஒருவர்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. அந்தக் குதிப்பில் நான் தேறவில்லை. மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும்போது உயரமானியின் முள் 5,000 அடியை நெருங்கியதைக்கூட நான் பார்க்கவில்லை. பயிற்றுநர் எதிரே வந்து ஒற்றை விரலை நீட்டி, பாராசூட்டை விரிக்க இழு என்று சைகை காட்டிய பிறகுதான் இழுத்தேன். பயிற்சியின் அந்தக் கட்டத்தைத் திரும்பவும் செய்ய வேண்டியிருந்தது. மனம் உன்னிடத்தில் இருந்ததால்தான் தவறினேன் என்று பல மாதம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனம் உன்னிடத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் உடம்பு விமானத்தில் இருந்ததே. என்னை மன்னித்துவிடு, தம்பி.

மன்னிப்புக் கேட்கும் இந்தக் கையோடு இதையும் எழுதிவிடுகிறேன்: அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள் என்று நீ சொல்லி வருவது நியாயம் இல்லை. என் நாற்பதாவது பிறந்த நாளுக்கு பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் டாண்டம் குதிப்புக்குப் பணம் கட்டியது யார்? காற்று அடித்துத் தள்ளியது என்கிறாய். மணிக்கு 14 மைல் வேகத்துக்கு மேல் காற்று வீசினால் மாணவர்களை ஏற்றக் கூடாது என்பது விதி. அன்று காற்று அந்த அளவுக்கு வரவே இல்லை. உயரத்தில் இழுத்துவிட்டால் டாகிளை அப்படியே பிடித்துக்கொண்டு, கால்களைச் சேர்த்துத் தரையில் உருள வேண்டும் என்பதை இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்தோம். உன் ரேடியோவிலும் அதைத்தான் சொன்னார்கள். பயத்தில் கை விட்டுப் போவது குற்றமே அல்ல, எனக்கும் நேர்ந்திருக்கும். குற்றத்தைக் காற்றின் மேலும் என் மேலும் போட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ ஆஸ்டினுக்கு மாறிப் போனபின் நடந்தவற்றை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 5,500 அடியிலும் பிறகு 3,500 அடியிலும் விமானத்தை விட்டு வெளியேறி உடனே பாராசூட்டை விரிக்க வேண்டிய குதிப்புகள்தான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தன. அவ்வளவு தாழ்வில் தரை பக்கத்தில் தெரிகிறது. கேனோபியை நாமே மடித்துக் கட்டக் கற்க வேண்டும். அந்த நைலான் பட்டுப்புடவையைவிட வழுக்கும். அம்மா கொசுவம் வைப்பதுபோல மடிப்பு மடிப்பாக அடுக்கி, அதன் மேல் குப்புறப் படுத்துக் காற்றை வெளியேற்றி, பையில் திணிப்பதற்குள் அது மறுபக்கம் பிதுங்கிவிடும். முதல் முறை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று மடித்ததை மறுநாள் நானே சுமந்துகொண்டு குதித்தேன்.

14ஆவது குதிப்பில் கேனோபி விரிந்ததும் கயிறுகள் முறுக்கிக்கொண்டன. கழுத்துக்குப் பின்னால் பட்டைகள் இறுகி, தலையை நிமிர்த்த முடியவில்லை. சைக்கிள் மிதிப்பதுபோலக் கால்களை உதைத்தபடியே சுழன்றேன். 2,500 அடிக்குள் சரியாகாவிட்டால் சிவப்புக் கைப்பிடியால் கேனோபியை அறுத்துவிட்டு, வெள்ளிக் கைப்பிடியால் ரிசர்வ் என்ற மாற்றுப் பாராசூட்டை விரித்தாக வேண்டும். அப்போது என் காதில் கேட்டது உன் குரல். “சிவப்பு முதலில், வெள்ளி பிறகு. வலக்கை, இடக்கை. திரும்பச் சொல்லு, அக்கா.” சமையலறையில் தோசைக் கரண்டியோடு என்னை நிற்க வைத்து எத்தனை முறை சொல்ல வைத்தாய்! முறுக்கு அவிழ்ந்தபோது 3,000 அடிக்கு மேலேதான் இருந்தேன். சிவப்புக் கைப்பிடியைத் தொட வேண்டி வரவில்லை. இறங்கியதும் உன்னை அழைக்க போனை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன்.

இத்தனை நாள் மறைத்ததை நேற்று இரவு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தம்பி இப்போது மாடிப்படி ஏறுகிறானா?” என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்று சொல்ல வேண்டி வந்தது. அது என்னைக் குத்தியது.

உன் காலணி என் காரின் பின்பக்கத்தில், துண்டில் சுற்றியபடி இருக்கிறது. அறுந்த லேஸை மாற்றவில்லை. அஞ்சலில் அனுப்பட்டுமா, நீயே வந்து எடுத்துக்கொள்கிறாயா என்று எழுது.

உன் அக்கா