கேத்தியிலிருந்து ஒரு ஹீட்டர் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில் மலைப்பகுதி வீடுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விறகையும் கரியையும் விட்டு மின்சாரத்துக்கு மாறுங்கள், புகை கிடையாது, சாம்பல் கிடையாது, பொத்தானை அழுத்தினால் சூடு என்று எழுதியிருந்தார்கள். ஆகும் செலவு என்று ஒரு ஹீட்டர், ஒரு கீசர் இரண்டின் கடை விலையைக் கூட்டி, சுமார் 18,000 ரூபாய் என்று முடித்துவிட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செலவுப் பக்கத்தில் பாதியை விட்டுவிட்டுக் கோடு போட்ட கணக்கைப் பார்த்தால் இன்றும் தூக்கம் வராது. நானும் அப்படி மாறியவன்தான். இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு நீலகிரி மலையில் உள்ள கேத்தியில், ரயில் நிலையத்துக்கு மேலே சரிவில் இருக்கிறது. கல் சுவர், தகரக் கூரை, அதற்குக் கீழே பலகை மச்சு. நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும். டிசம்பர் பாதியில் உறைபனியாகி, காலையில் பள்ளத்தாக்கின் கேரட் தோட்டங்கள் உப்புக் கொட்டியதுபோல் கிடக்கும். தேயிலை ஆலையில் இலை வாட்டும் மாடியில் தொங்கிய பழைய வெப்பமானி ஒன்றை, நான் ஓய்வு பெற்றபோது மேலாளர் எனக்குக் கொடுத்தார். அதை முன்னறையில் மாட்டியிருக்கிறேன். ஜனவரிக் காலை ஆறு மணிக்கு அது 9 டிகிரி காட்டும். வீட்டுக்கு வெளியே அல்ல, உள்ளே.

இத்தனை ஆண்டுகளும் சீகை விறகுதான். குளிக்க வெந்நீர்ப் பாய்லருக்கும், மாலையில் முன்னறைக் கணப்புக்கும் சேர்த்து, குளிர் மிகுந்த இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 3,500 ரூபாய் ஆகும். கடையில் நன்றாகக் காய்ந்தது என்று சத்தியம் செய்து கொடுத்த விறகு, அடுப்பில் வைத்ததும் முனையில் நுரை தள்ளும். அதெல்லாம் பழகிப்போன தொல்லை. பேரனுக்கு இளைப்பு வந்து, வீட்டில் புகையே கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் மாறினோம். இரும்புச் சட்டியில் கரி மூட்டி, கதவைச் சாத்திவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்திகளைத் தங்கள் நாளிதழிலேயே படித்திருக்கிறேன். ஆகவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. குளியலறைக்குள் கேஸ் கீசர் வைக்கச் சொன்னவர்களும் உண்டு. எங்கள் குளியலறைக்கு இருப்பது ஒரு கையகல ஜன்னல். அதையும் குளிருக்குப் பயந்து மூடியே வைத்திருப்போம். அங்கே எரிவாயுவை எரிப்பதும் கரிச்சட்டியோடு படுப்பதும் ஒன்றுதான். வேண்டாம் என்றுவிட்டேன்.

கடையில் 25 லிட்டர் கீசர் 9,200 ரூபாய்க்கும், ஒன்பது தகடு கொண்ட எண்ணெய் ஹீட்டர் 8,700 ரூபாய்க்கும் வாங்கினேன். ஆக 17,900. கட்டுரையாளரின் கணக்கு இந்த இடம் வரைக்கும் சரி. கடைப் பையன், "இந்த ஹீட்டர் மற்றதைவிடப் பாதி கரண்ட்தான் இழுக்கும் தாத்தா" என்றான். வாசகர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம். கம்பி சிவக்கும் 500 ரூபாய் ஹீட்டரானாலும், எண்ணெய் நிரப்பிய ஹீட்டரானாலும், காற்றூதும் ஹீட்டரானாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கிடைக்கும் சூடு ஒன்றேதான். எண்ணெய் ஹீட்டரில் கம்பி வெளியே தெரியாது, அணைத்த பிறகும் சற்று நேரம் வெதுவெதுப்பாக இருக்கும். அதற்காக வாங்கலாம்.

ஹீட்டர் வந்த ஐந்தாம் நாள் இரவு சுவர் பிளக்கிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக் இளகிக் கிடக்கிறது. மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து மச்சுக்கு மேலே ஏறிப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து ஒரு டம்ளர் தேநீர் குடிக்கும்வரை வாயே திறக்கவில்லை. மரச்சட்டத்தின் மேல் ஓடிய அந்தக் காலத்து ஒயர். நாலு பல்பும் ஒரு ரேடியோவும் இருந்த வீட்டுக்குப் போட்டது. அதில் 2,000 வாட் ஹீட்டரையும் 2,000 வாட் கீசரையும் சேர்த்து ஓட்டியிருக்கிறோம். வீடு எரியாமல் இருந்தது எங்கள் முன்னோர் செய்த புண்ணியம். கீசருக்கும் ஹீட்டருக்கும் தனித்தனியே 4 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், 16 ஆம்பியர் பிளக், கசிவு மின்சாரத்தைக் கண்டால் தானே அணைந்துவிடும் சுவிட்ச், கரியும் உப்பும் போட்டுப் புதிதாக ஓர் எர்த் குழி என்று 38,400 ரூபாய் ஆயிற்று. கூடுதல் மின்பளுவுக்கு மனுப் போட்டு அலைந்த பஸ் கட்டணத்தை நான் சேர்க்கவில்லை.

இவ்வளவும் செய்த பிறகு மாலையில் ஹீட்டரைப் போட்டால் அறை சூடாவதாக இல்லை. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கீசர் ஓடும்போது எங்கள் பகுதியில் மின்னழுத்தம் 170 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. 230 வோல்ட்டில் 2,000 வாட் சூடு தரும் ஹீட்டர், 170 வோல்ட்டில் 1,100 வாட் கூடத் தராது. மீட்டரும் அதற்கேற்பக் குறைவாகத்தான் ஓடும், அதனால் ஏமாற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மணி நேரம் எரிந்தும் வெப்பமானி 14 டிகிரியைத் தாண்டவில்லை. ஹீட்டரை அணைக்க மனம் வராமல் இரவு வெகுநேரம் ஓட விட்டோம்.

அந்த டிசம்பர், ஜனவரிக்கு 860 யூனிட். பில் 5,512 ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு அதே மாதங்களில் 220 யூனிட். அப்போது விறகையும் மின்சாரத்தையும் சேர்த்தே 4,000 ரூபாய்க்குள் முடிந்திருந்தது. என் மனைவி பில்லைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

பிறகு செய்ததைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். தகரத்துக்கும் பலகை மச்சுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. நாங்கள் காசு கொடுத்து உண்டாக்கிய சூடு, பலகை இடுக்குகள் வழியாக ஏறி, தகரத்தைத் தொட்டு, நீலகிரி வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மச்சின் மேல் கிளாஸ் உல் எனப்படும் கண்ணாடிப் பஞ்சை இரண்டு அங்குலக் கனத்துக்கு விரித்தேன். முன்னறையும் படுக்கையறையும் மட்டும். தெர்மோகோல் மலிவுதான். ஆனால் எலி கடிக்கும், ஒயர் ஓடும் இடத்தில் தீப்பிடித்தால் அதோடு கதை முடிந்தது. பஞ்சும் கூலியும் 21,600 ரூபாய். பஞ்சை விரிக்கும்போது முகத்தில் துணி, கையில் உறை, முழுக்கைச் சட்டை கட்டாயம் வேண்டும். நான் வேட்டியோடு மேலே ஏறி, மூன்று நாள் காலைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

இன்னொரு வேடிக்கை. கணப்பை மூட்டுவதை நிறுத்திவிட்டோமே தவிர, அதன் புகைபோக்கி திறந்துதான் கிடந்தது. புகை இல்லாவிட்டால் அதற்கு வேலை இல்லை என்று நினைத்தேன். அதுவோ அறையின் வெதுவெதுப்பான காற்றை இரவும் பகலும் உறிஞ்சி மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. ஊதுவத்தியைக் கொளுத்தி அதன் வாயருகே பிடித்தபோது புகை சரசரவென்று உள்ளே போனதைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. தகரத் தட்டு ஒன்றை வெட்டி அடைத்து, கதவுகளின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டியதற்கு 2,300 ரூபாய். ஆக மொத்தம் 80,200. பதினெட்டாயிரத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தை வாசகர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்தக் குளிர்காலத்தில் வெப்பமானி, ஹீட்டர் போட்ட ஒரு மணி நேரத்தில் 18 டிகிரி காட்டியது. ஹீட்டருக்கு மட்டும் முன்பு நாளுக்கு ஏழு யூனிட் போனது, இப்போது இரண்டரை. அதே ஹீட்டர், அதே மின்னழுத்தம்.

இனி நான் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். இந்த முறை எங்கள் ரீடிங் 540 யூனிட், பில் 2,427 ரூபாய். விறகைவிடக் குறைவு, மகிழ்ச்சிதான். ஆனால் 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் நின்றால் பில் 1,805 ரூபாய். மேலே போன நாற்பது யூனிட்டுக்கு மட்டும் 622 ரூபாய். யூனிட் பதினைந்தரை ரூபாய் விழுகிறது. எந்தக் கட்டணப் பட்டியலிலும் பதினைந்தரை ரூபாய் என்று ஒரு விகிதம் இல்லையே என்று கேட்கலாம். 500-ஐத் தாண்டியதும் அதற்கு மேற்பட்ட யூனிட்டுக்கு 8.55 ரூபாய் ஆவது மட்டுமல்ல, கீழே நமக்குக் கொடுத்திருந்த சலுகையும் திரும்பப் பெறப்படுகிறது. 101 முதல் 200 வரை 2.35 ரூபாயாக இருந்தது 4.80 ஆகிறது, அதற்கு மேல் 500 வரையிலும் யூனிட் விலை கொஞ்சம் கூடுகிறது. ஐந்நூற்று ஒன்றாவது யூனிட் ஒன்றுக்கு மட்டும் 288 ரூபாய்க்கு மேல் ஏறுகிறது. முதல் 100 யூனிட் இலவசம் மட்டும் இரு சாராருக்கும் உண்டு.

இதில் இன்னொன்று. ரீடிங் எடுக்க வருபவர் இம்முறை மழையால் ஐந்து நாள் தாமதமாக வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் சரிவில் ஏறிப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். 65 நாளில் 540 யூனிட் என்றால் 60 நாளில் 498. நாங்கள் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தோம், நாள்தான் கோட்டைத் தாண்டியது. அடுத்த முறை ஐந்து நாள் குறையுமே என்பார்கள். குறையட்டும், இழந்த சலுகை அதில் திரும்பி வருவதில்லை.

500 என்ற எல்லை சென்னையில் ஏ.சி. ஓட்டுபவரை மனத்தில் வைத்துப் போட்டதாக இருக்கலாம். வசதிக்காகச் செலவிடுபவர் கூடுதலாகக் கொடுக்கட்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் உறைபனியில் ஒரு கிழவன் அறையைச் சூடாக்குவதும், குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டுவதும் எந்த வசதியில் சேரும்? எங்கள் ஆறு பில்களையும் கூட்டினேன். ஆண்டுக்கு 2,350 யூனிட். ஐந்நூறு வீதம் ஆறு முறை என்றால் 3,000 வரை எங்களுக்கு இடம் உண்டு. வெயில் மாதங்களில் 250 யூனிட்டில் நிற்கும் வீட்டை, ஒரே ஒரு குளிர்கால பில்லை வைத்து அதிகம் செலவிடும் வீடு என்று முத்திரை குத்துவது சரியான கணக்கு அல்ல. மலைப்பகுதி வீடுகளுக்கு மட்டுமாவது 3,000 யூனிட் என்று ஆண்டுக் கணக்கில் பார்க்கலாம். அல்லது குளிர்கால பில்லுக்கு எல்லையை உயர்த்தலாம். ரீடிங் தாமதமானால் நாள் கணக்கில் வகுத்துப் போடுவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

இது எனக்காக மட்டும் கேட்பதல்ல. எனக்கு ஓய்வூதியமும் சொந்தக் கூரையும் இருக்கின்றன. வாடகை வீட்டில் இருப்பவர் மச்சின் மேல் பஞ்சு விரிக்க முடியாது. வீட்டுக்காரர் விரித்துத் தரவும் மாட்டார், பில் அவருடையது அல்லவே. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளில் இன்றும் பெண்கள், தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது வெட்டிப் போடும் மிலாறுக் குச்சிகளைக் கட்டித் தலையில் சுமந்து வந்துதான் வெந்நீர் வைக்கிறார்கள். நான் சம்பளப் பட்டியல் எழுதிய குடும்பங்கள் அவை. அவர்களிடம் போய்ப் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் குளிரும் சூடும் இரண்டும் தரும் ஏ.சி.யை மாட்டியிருக்கிறார். ஊட்டி மலையில் ஏ.சி.யா என்று தெருவே சிரித்தது. அது மின்சாரத்தைச் சூடாக மாற்றுவதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சி உள்ளே தள்ளுகிறது. குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் சுடுகிறதே, அதே வேலை. ஒரு யூனிட் போட்டால் இரண்டரை, மூன்று யூனிட்டுக்குச் சமமான சூடு கிடைக்கும். 48,000 ரூபாய் ஆயிற்றாம். ஹீட்டரை வாங்கும் முன் எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். இப்போது 71 வயதில், போட்ட 80,200 ரூபாயை மிச்சப்படுவதிலிருந்து எடுப்பதற்கே எனக்குத் தொண்ணூறு தாண்டிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கப்பிள்ளை,
கேத்தி, நீலகிரி மாவட்டம்.

பின்குறிப்பு: 2019-ல் பழைய பலகைத் தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் பதித்தது என் யோசனைதான் என்பதையும் எழுதச் சொல்கிறாள் என் மனைவி. எழுதிவிட்டேன். வீட்டுக்குள் எல்லோரும் இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு நடக்கிறோம்.