சரயேவோவுக்கு முன்பே தொடங்கிய தலைக்கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முதல் உலகப் போரின் காரணங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1914இல் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்ட சரயேவோ படுகொலை, கூட்டணிகள், கப்பல் படைப் போட்டி எல்லாம் அதில் இருந்தன. அப்புறம், 'ஐரோப்பாவில் மக்கள்தொகை பெருகியதும் ஒரு காரணம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். எனக்கு இடித்தது அந்த வரிதான். கதையில் பாதி, பெருகாத நாட்டைப் பற்றியது.

பிரான்ஸைச் சொல்கிறேன். 1871இல் ஜெர்மனியிடம் தோற்றபோது அங்கே சுமார் 3.6 கோடிப் பேர், ஜெர்மனியில் 4.1 கோடி. நாற்பது ஆண்டு கழித்து ஜெர்மனி 6.5 கோடி ஆகிவிட்டது. பிரான்ஸ் 4 கோடியைக்கூடத் தொடவில்லை. 1911 போன்ற சில ஆண்டுகளில் அங்கே பிறப்பைவிட இறப்பு அதிகம். நெப்போலியன் காலச் சட்டப்படி அப்பன் சொத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். நாலு பிள்ளை என்றால் நிலம் நாலு துண்டு. விவசாயி ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். பாகப்பிரிவினைச் சண்டை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சரி, ஆள் குறைவை எப்படிச் சமாளித்தார்கள்? தகுதியான இளைஞர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் படைக்கு இழுத்தார்கள். அதுவும் போதாமல் 1913இல் கட்டாய ராணுவ சேவையை இரண்டு ஆண்டிலிருந்து மூன்றாக்கினார்கள். ஆப்பிரிக்கர்களைக் கொண்டு படை திரட்டலாம் என்று மாங்ஷான் என்ற அதிகாரி 1910இலேயே எழுதினார். போர் வந்ததும் புதுச்சேரி ஆட்களும் பிரெஞ்சுப் படையில் கடல் தாண்டிப் போனார்கள். எங்கள் கடற்கரைச் சாலை நினைவுச் சின்னம் அவர்களுக்காகத்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய ஏற்பாடு, 1894இல் ரஷ்யாவோடு செய்துகொண்ட கூட்டணி. பிரெஞ்சுக்காரர்களின் சேமிப்பு ரஷ்யக் கடன் பத்திரங்களுக்குப் போய், அங்கே ரயில் பாதைகளானது.

இப்போது பயம் ஜெர்மனியின் பக்கம் திரும்பியது. 1897 கணக்கெடுப்பில் ரஷ்யாவில் சுமார் 12.5 கோடிப் பேர்; 1914க்குள் 16 கோடியைத் தாண்டிவிட்டார்கள். ரஷ்யா படை திரட்ட நாளாகும், அதற்குள் ஆறு வாரத்தில் பிரான்ஸை முடித்துவிட்டுக் கிழக்கே திரும்பலாம் என்பது ஜெர்மானியத் தளபதிகளின் திட்டம். ரயில் பாதை நீள நீள அந்த அவகாசம் சுருங்கியது. ரஷ்யாவின் படை விரிவாக்கம் 1917இல் முடியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 'போர் எப்படியும் வரும், சீக்கிரம் வந்தால் நல்லது' என்று தலைமைத் தளபதி மோல்ட்கே 1912 டிசம்பரிலேயே ஜெர்மானியப் பேரரசர் கைசரிடம் சொல்லிவிட்டார்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது, ஜெர்மனிக்கு ஆள் பஞ்சமே இல்லை என்பது. தகுதியானவர்களில் பாதிக்குச் சற்று மேல்தான் படைக்கு எடுத்தார்கள். பணமும் ஒரு தடைதான். ஆனால் ஆலைத் தொழிலாளிகள் சோஷலிசத்தோடு வந்துவிடுவார்கள், பிரபு வம்சம் அல்லாதவர்கள் அதிகாரிகளாகிவிடுவார்கள் என்ற தயக்கமும் இருந்தது. உள்ளூர் ஆளைக் கண்டும் பயம், ரஷ்ய ஆளைக் கண்டும் பயம்!

அன்றைய ஜெர்மானியப் பிரதமர் பெத்மான் ஹோல்வெக், பெர்லினுக்குக் கிழக்கே ஹோஹென்ஃபினோவில் இருந்த தன் பண்ணையில் புதிதாக மரம் நடுவதில் பயனில்லை, சில ஆண்டுகளில் ரஷ்யர்கள் வந்துவிடுவார்கள் என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு. வந்தார்கள், 1945இல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
புதுச்சேரி.