காட்டுக்குச் சராசரி மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பெங்களூரைச் சுற்றியுள்ள காடுகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அக்கறையோடு எழுதியிருந்தார்கள். ஆனால் மரங்களின் சராசரிப் பருமன் குறையவில்லை, ஆகவே காடு நலமாக இருக்கிறது என்று முடித்திருந்த இடத்தை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. முப்பது வருஷம் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு காட்டில் 100 மரங்கள், எல்லாமே 20 செ.மீ. விட்டம். பக்கத்துக் காட்டிலும் 100 மரங்கள்தான். ஆனால் 80 மரங்கள் 10 செ.மீ., மீதி 20 மரங்கள் 60 செ.மீ. இரண்டுக்கும் சராசரி 20 செ.மீ.தான். முதலாவது, ஒரே வருஷத்தில் நட்ட தோப்பாக இருக்கலாம். இரண்டாவதில் முதிர்ந்த மரங்களும் இளமரங்களும் சேர்ந்து நிற்கின்றன. அடிமரத்தின் குறுக்குப் பரப்பைக் கூட்டிப் பார்த்தால் இரண்டாவது காட்டில் சரியாக இரண்டு மடங்கு வருகிறது. அதிலும் பத்தில் ஒன்பது பங்கு அந்த 20 பெரிய மரங்களுடையது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 60 செ.மீ. மரம் ஒன்று 10 செ.மீ. மரம் 36-க்குச் சமம்.

இப்போது அந்த இரண்டாவது காட்டில் தீ புகுந்து 60 இளமரங்கள் கருகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 20 சிறியது, 20 பெரியது. சராசரி 35 செ.மீ.! காடு அழிய அழிய சராசரி ஏறுகிறது. அடுத்த தலைமுறை இல்லாமல் போவதை நல்ல சேதி என்று வாசகர்களுக்குச் சொல்லிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. நல்ல மழைக்குப் பின் கன்றுகள் ஏராளமாகத் தலையெடுத்தால் சராசரி இறங்கவும் செய்யும்.

காட்டு மரங்களைப் பருமன் வாரியாகப் பிரித்து எண்ணினால் பெரும்பாலும் ஒரே வடிவம்தான் வரும். சின்ன மரங்கள் குவியலாக, பருமன் கூடக்கூட எண்ணிக்கை சரிந்து, கடைசியில் நீண்ட மெல்லிய வால். ஒரு பருமன் வகுப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எண்ணிக்கை ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைகிறது என்று பிரெஞ்சு வனவியலாளர் தெ லியோகூர் 1898-லேயே எழுதினார். இப்படிப்பட்ட பரவலில் பாதிக்கு மேற்பட்ட மரங்கள் சராசரியைவிடச் சிறியவையாகவே இருக்கும். இடைநிலை அளவையும், அதாவது மரங்களைப் பருமன் வரிசையில் நிறுத்தினால் நடுவில் வரும் மரத்தின் அளவையும், சேர்த்துக் கொடுத்தால் அது வாசகருக்குத் தெரியும்.

ஆனால் அந்த வடிவத்தையும் எல்லாக் காட்டுக்கும் அளவுகோலாக வைத்துவிடக் கூடாது. முதுமலையில் நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-ல் 50 ஹெக்டேர் இடத்தைக் குறித்து, 1 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, திரும்பத் திரும்ப அளந்து வருகிறார்கள். முதல் கணக்கெடுப்பில் சுமார் 26 ஆயிரம் மரங்கள். பனாமாவில் பாரோ கொலராடோ தீவிலும் அதே 50 ஹெக்டேர்தான். அங்கே 2 லட்சத்துக்கு மேல். முதுமலை வறண்ட காடு. தரையோடு தீ ஓடும். இளஞ்செடிகள் மேலே கருகி, வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அங்கே சின்ன மரங்கள் குறைவாக இருப்பதை மட்டும் வைத்துக் காடு அழிகிறது என்று சொல்லிவிட முடியாது. யானைகள் ஒடித்துத் தின்றதில் செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்த கைடியா என்ற சிறுமரம் வெகுவாகக் குறைந்துபோனது. இப்படி ஒவ்வொரு மரமாகப் பல வருஷம் பின்தொடர்ந்தால்தான் எது தீயால், எது யானையால் என்று பிரித்துச் சொல்ல முடியும். மெலிந்த மரம் இளமரம் என்பதும் நிச்சயமில்லை. நிழலில் ஒடுங்கிப் பல வருஷமாக நிற்கும் மரங்களும் உண்டு.

அப்புறம், எங்கே அளந்தார்கள் என்பது. ஜீப் போகும் பாதையோரத்தில் மட்டும் கட்டம் போட்டு அளந்தால் வருவது பாதையோரத்தின் கணக்கு. பெரிய மரங்கள் அரிதானவை என்பதால் 10 மீட்டர் சதுரக் கட்டம் ஒன்றுக்குள் ஒரு பெரிய மரம் அகப்பட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும், அகப்படாவிட்டால் காட்டில் பெரிய மரமே இல்லை என்று தோன்றும். கட்டங்கள் பல வேண்டும், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும், கட்டத்துக்குக் கட்டம் எவ்வளவு வித்தியாசம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒருமுறை மாணவிகளை லால்பாகுக்கு அழைத்துப்போனேன். கையில் தையல் டேப், நீளம் ஒன்றரை மீட்டர். தரையிலிருந்து நான்கரை அடி உயரத்தில் சுற்றளவை எடுத்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். பெரிய மரங்களுக்கு மூன்று டேப்பை இணைத்தோம். அங்குள்ள பழைய இலவ மரத்தின் அடியில் வேர்கள் பலகை பலகையாக விரிந்திருக்கும். அந்தப் பலகைகள் முடியும் இடத்துக்கு மேலேதான் அளக்க வேண்டும். எங்களால் ஏற முடியவில்லை. அந்த மரத்தை விட்டுவிடலாமா டீச்சர் என்று ஒரு பெண் கேட்டாள். விடக் கூடாது, ‘அளக்க முடியவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுது என்றேன். அளக்கச் சிரமமான மரங்களை ஓசைப்படாமல் விட்டுவிட்டால் பரவலின் வால் போய்விடும். உலகெங்கும் 48 காட்டுப் பகுதிகளை ஆராய்ந்து 2018-ல் வெளியான கட்டுரையில், மிகப் பெரிய 1 சதவீத மரங்களிடமே மொத்த உயிர்ப்பொருளில் (மரங்களின் காய்ந்த எடையில்) பாதி இருப்பதாகக் கண்டார்கள். அந்த வாலில் இருப்பது அவ்வளவு.

நகரத்துக்கும் இது பொருந்தும். ஒரு மரம் வெட்டினால் பத்துக் கன்று என்று சொல்கிறோம். 60 செ.மீ. தூங்குமூஞ்சி மரம் ஒன்றை வெட்டி, 2 செ.மீ. கன்றுகள் பத்து வைத்தால், பரப்புக் கணக்கில் 900 கன்றுக்குப் பதில் 10 வைத்திருக்கிறோம். பத்தும் பிழைத்து ஒவ்வொன்றும் 19 செ.மீ. ஆனால்தான் வெட்டிய ஒரு மரத்துக்கு ஈடாகும்.

தங்கள் நிருபரிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை எழுதும்போது பருமன் வகுப்பு வாரியாக எத்தனை மரம் என்று ஒரு சின்னப் பட்டை வரைபடம் (பார் சார்ட்) போடுங்கள். எத்தனை செ.மீ.க்கு மேல் எண்ணினார்கள் என்பதை அதன் கீழே ஒரு வரி எழுதுங்கள். 1 செ.மீ.யிலிருந்து எண்ணினால் ஒரு சராசரி, 10 செ.மீ.யிலிருந்து எண்ணினால் வேறு சராசரி. இரண்டு வருஷத்து ஆய்வுகளை ஒப்பிடும்போது இரண்டிலும் அந்த எல்லை ஒன்றுதானா என்று ஆய்வாளர்களைக் கேட்டு எழுதுங்கள். போன வாரக் கட்டுரைக்கும் அந்த விவரம் கிடைத்தால் தயவுசெய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியை,
அல்சூர், பெங்களூரு