கரிச் சத்தம் கேட்க உதவியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஓவியர் அக்காவைப் பற்றிய எங்கள் ஆவணப்படம் முடிந்துவிட்டது. ஒலிக்கலவை, நிறத்திருத்தம் எல்லாம் போக 52 நிமிடங்களில் வந்து நிற்கிறது. பெயர்கள் கடைசியில் ஓடும். ஆனால் அந்த வேகத்தில் யார் என்ன செய்தார் என்று ஒருவருக்கும் விளங்கப்போவதில்லை. அதனால்தான் இந்த மடல். இங்கே பெயர்களை விட்டுவிட்டு, செய்ததைச் சொல்கிறேன். உரியவர்களுக்குத் தெரியும்.

முதலில் அக்காவுக்கு. ஓவியர் என்று எழுதினால், "நான் எங்கே கீறுறன்?" என்று கேட்பீர்கள். இடிக்கப்போகும் கொழும்பு வீடுகளின் கதவிலும் வாசற்படியிலும் கடதாசியை விரித்து, கரியால் தேய்த்துப் படி எடுப்பவர் நீங்கள். சின்ன வயதில் காசின் மேல் கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்த்தவர்களுக்கு முறை புதிதில்லை. ஆறடிக் கதவொன்றை அப்படித் தேய்த்துப் பார்த்தால்தான் தோள்மூட்டு என்ன பாடுபடும் என்று தெரியும். "என்ர முகத்தை விட்டிட்டுக் கையை எடு" என்றீர்கள். முகமும் கொஞ்சம் வந்திருக்கிறது. பார்த்த பிறகும் வெட்டச் சொல்லவில்லையே, அதற்குத் தனி நன்றி.

ஓவியர்களைப் பற்றிய படங்களில் யாராவது கதிரையில் இருந்து விளக்கிக்கொண்டே இருப்பது எனக்குச் சரிவராது. கரி கடதாசியில் உரசும் சத்தமே பேசட்டும் என்று நினைத்தோம். கொழும்பில் இது பேராசை. அக்காவின் வேலை அறை வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் பஸ் ஹோர்ன், மறுபக்கம் கரையோர ரயில். மெல்லிய சத்தத்துக்காக மைக்கைக் கூட்டினால் ஊரும் சேர்ந்து உள்ளே வந்துவிடும். மென்பொருளால் துடைக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். கரி உரசுவதே இரைச்சல் வகைதான். மென்பொருளுக்குப் பேதம் தெரியாது, இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடும்.

ஆகவே அமைதியை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கினோம். கீழ்வீட்டு ஐயா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். "புத்தகத்தில இருக்கிற நேரத்தை நம்பாதேங்கோ பிள்ளை" என்று, எந்த ரயில் வழக்கமாக எவ்வளவு பிந்தும் என்பதைக் கொப்பித் தாளில் எழுதித் தந்தார். எங்கள் படப்பிடிப்பு அட்டவணை அந்தத் தாள்தான். பக்கத்து வீட்டு அன்ரி ஒவ்வொரு நாளும் மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்து, "இப்ப தண்ணி மோட்டரைப் போடலாமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார்.

ஒழுங்கை முனைக் கராஜ் பாஸிடம் கேட்கப் பயமாக இருந்தது. அவருடைய பிழைப்பே சத்தத்தில்தான். அவர் நேரே மேலே ஏறிவந்து ஹெட்போனை வாங்கிக் காதில் மாட்டினார். கன நேரம் கழற்றவில்லை. "இது சான்ட் பேப்பர் போடுற சத்தமெல்லே!" என்றார். அப்புறம் கீழே போய்ப் பெடியங்களைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பினார். பிறகு நாங்கள் கேட்காத நாட்களிலும் ஆள் அனுப்பி, "இண்டைக்கு இருக்கா?" என்று விசாரித்தார். காசு என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை.

கொம்பனித்தெருக் குடும்பத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வீடு காலிசெய்யும் கிழமையில், பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்களுக்காக அலுமாரியை நகர்த்தினார்கள். முன்கதவில் அக்கா தேய்க்கத் தேய்க்க, பெயின்ட் பூச்சுகளுக்குக் கீழே கிடந்த பழைய பூட்டுத் தழும்புகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. அந்த வீட்டுப் பாட்டி, எல்லோருக்கும் உம்மும்மா, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கணக்குச் சொன்னார்: இது திறப்புத் தொலைந்தபோது மாற்றியது, இது மகளின் கலியாணத்துக்கு முன்பு, இது 83 ஜூலைக் கலவரத்தில் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தைக் காப்பாற்ற உள்ளே வைத்துப் பூட்டியது. விளக்கம் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்த என் படத்தில் அவருடைய விளக்கம் மட்டும் ஒரு சொல் வெட்டாமல் இருக்கிறது.

விரிவுரையாளர் சேருக்கு வேறு விதமான நன்றி. 1943இல் கொழும்பின் நவீன ஓவியர்கள் தொடங்கிய 43 குழுவிலிருந்து இன்றைய நிறுவல் கலை வரை பொறுமையாகப் பேசினீர்கள். 1934இல் இலங்கையைப் பற்றி எடுத்த ஆவணப்படம் ஒன்றுக்குக் குரல் கொடுத்தவர் அந்தக் குழுவின் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் என்பதே நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதில் எதுவும் படத்தில் இல்லை. சொன்னபோது, "நல்லது, படம் தப்பிச்சுது" என்று சிரித்தீர்களே, அந்தப் பெருந்தன்மை எல்லோருக்கும் வராது.

2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை வந்த புதிதில் ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான். அதிலும் ஒரு பங்கை எங்களுக்கென்று ஒதுக்கி, டிரைபோட்டையும் கடதாசி உருளைகளையும் ஏற்றி இறக்கிய கொட்டாஞ்சேனை அண்ணா, உங்களை மறந்தால் சோறு இறங்காது. யூனிட்டி பிளாசாவில் ஹார்ட் டிஸ்க்குகளைக் கடனுக்குத் தந்த முதலாளிக்கும், கரித்தூள் போன கமராவைச் சலிக்காமல் துப்பரவாக்கிய தம்பிக்கும், மின்வெட்டுக்கு நடுவே தொகுத்த தோழிக்கும், சிங்கள, ஆங்கில உபதலைப்புகள் செய்தவர்களுக்கும் அன்பு.

ஒரு நிறுவனம் காசு தர வந்தது. உம்மும்மா சொன்ன அந்த வருஷத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள். காசு வேண்டாம் என்றோம். அந்தப் பள்ளத்தை நிரப்பியவர்கள் ஆயிரம், இரண்டாயிரமாக அனுப்பிய நண்பர்கள்தான். கணக்கை உங்கள் எல்லோருக்கும் தனியாக அனுப்புகிறேன்.

பிரதிகள் தயார். வெள்ளவத்தைக்காரருக்கு நானே கொண்டுவந்து தருவேன். கொம்பனித்தெருக் குடும்பம் தெமட்டகொடைப் பக்கம் குடிபோனதாகக் கேள்வி, பழைய இலக்கம் வேலை செய்யவில்லை. அவர்களைத் தெரிந்தவர்கள் இதைக் காட்டி, எனக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
படக்குழுவின் சார்பில், இயக்குநர்
கொழும்பு