வெள்ளித் தண்ணில கிராம்புத் தைலம் கலந்து ஏன் நாங்க தர்றதில்ல

எல்லாருக்கும் வணக்கம்,

கொஞ்ச நாளா கடைக்கு வர்றவங்க நிறைய பேர் ஒரே விஷயத்தக் கேக்கறீங்க, நானோ சில்வர்னு ஒரு தண்ணி விக்குதே, அதுல உங்க கிராம்புத் தைலத்த நாலு சொட்டு விட்டா ஆறாத புண்ணும் ஆறுமாமே, நீங்களே கலந்து பாட்டில்ல குடுங்களேன்னு. தர மாட்டோம். காரணத்தக் கொஞ்சம் பொறுமையா படிங்க.

விஷயத்துல உண்மை இருக்கு. தீக்காயத்துக்கு ஆஸ்பத்திரில பூசற வெள்ளை க்ரீம் சில்வர் சல்ஃபாடயசின், 1960கள்லருந்தே இருக்கு. அதே வெள்ளிய 100 நானோமீட்டருக்கும் (ஒரு மில்லிமீட்டர பத்து லட்சமாப் பிரிச்சா ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) கீழ பொடிசாக்கினா வெளிப்பரப்பு கூடும், அதுலருந்து கழண்டு வர்ற வெள்ளி அயனி, அதாவது மின்னூட்டம் உள்ள வெள்ளி அணு, பாக்டீரியாவோட புரதத்துல இருக்கற கந்தகத்தப் புடிச்சுக்கும், புரதம் வேலை செய்யாது. தைலம் வேற வழி. கிராம்புல இருக்கற யூஜினால், ஓரிகனோங்கற மூலிகைல இருக்கற கார்வக்ரால் ரெண்டும் கொழுப்புல கரையும், பாக்டீரியாவச் சுத்தி இருக்கற சவ்வும் கொழுப்புதான், அதனால உள்ள பூந்து சவ்வ ஒழுக விட்டுடும், அப்ப வெள்ளி உள்ள போறது இன்னும் சுலபம்னு ஆராய்ச்சி பண்றவங்க நினைக்கறாங்க. பிரேசில்ல லொண்ட்ரினா பல்கலைக்கழகத்துல பூஞ்சைய வெச்சு வெள்ளி நானோ துகள் செஞ்சு, ஓரிகனோ தைலத்தோட சேத்து, ஆன்டிபயாடிக்குக்கே அடங்காத பாக்டீரியா மேல போட்டுப் பாத்து 2016ல எழுதினாங்க, தனித்தனியா தேவைப்பட்டத விடக் குறைஞ்ச அளவுலயே வேலை செஞ்சுது. படிச்சப்ப எங்களுக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

ஆனா அது லேப்ல, அளந்து, துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பாத்து செஞ்சது. வீட்ல கலந்தா கிராம்புத் தைலம் தண்ணியோட சேராம அடில தங்கிடும், நீங்க ஊத்தறப்ப ஏதோ ஒரு சொட்டு சுத்தத் தைலமா புண்ணுல விழும், தோல் வெந்துரும். புண்ணுல ஊறற நீர்ல உப்பும் புரதமும் இருக்கு, வெள்ளில ஒரு பகுதி அதுங்களோடயே ஒட்டிக்கிட்டு வீணாப் போகும். அரைகுறை அளவு வெள்ளிக்குக் கிருமி பழகிக்கவும் செய்யும், பாஸ்டன்ல ஒரு தீக்காய வார்டுல வெள்ளிக்கு அடங்காத சால்மொனெல்லாங்கற பாக்டீரியா வந்தத 1975லயே எழுதி வெச்சிருக்காங்க.

அந்தத் தண்ணியக் குடிக்கறவங்களும் இருக்கீங்கன்னு தெரியும், தயவுசெஞ்சு நிறுத்திடுங்க. வெள்ளி உடம்புல சேந்தா தோல் நீலம் கலந்த சாம்பல் நிறமா மாறும், ஆர்ஜிரியான்னு பேர், திரும்பப் பழைய நிறம் வராது. கொலாய்டல் சில்வர், அதாவது வெள்ளித் துகள் மிதக்கற இந்த மாதிரித் தண்ணி, மருந்தா பாதுகாப்பானது, பலன் தர்றதுன்னு ஏத்துக்க முடியாதுன்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999லயே சொல்லிருச்சு.

சுகர் இருக்கறவங்க கால் புண்ணுக்கு எங்க தைலம் எதையும் போடாதீங்க, நேரா டாக்டர்கிட்ட காட்டுங்க, வெள்ளி சேத்த ட்ரெஸ்ஸிங் தேவைன்னா அவரே எழுதித் தருவார். புண்ணு இல்லாத தோல்ல கை கால் வலிக்குத் தேய்க்கறதுன்னா ரெண்டு டீஸ்பூன் தேங்கா எண்ணெய்க்கு ஒரு சொட்டு கிராம்புத் தைலம் போதும், அதுக்கு மேல வேண்டாம். கலக்கறதுக்குன்னே எங்க கிராம்புத் தைலத்த வாங்கி இன்னும் சீல் உடைக்காம வெச்சிருக்கறவங்க பாட்டிலக் கடைக்கு எடுத்துட்டு வாங்க, பணத்தத் திருப்பித் தந்துடறோம்.