சாப்பாட்டு நேரத்துப் பாட்டு

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது மூன்று நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. போனில் பேசலாம் என்றால் நடுவில் அம்மா வாங்கிக்கொள்வாள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் வித்வான் கிளிஃபர்ட் பிரவுன் வயலின்களோடு வாசித்து, நான் உனக்கு அனுப்பிய அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குப்பா, ஆனா சாப்பிடும்போது பின்னாடி ஓடுற பாட்டு மாதிரி இருக்கு. மெட்டை அப்படியே வாசிக்கிறார், வேற ஒண்ணும் பண்ணலையே" என்றாய். மாப்பிள்ளையும் பக்கத்திலிருந்து, தனக்குச் செட் பேக்கர் என்ற டிரம்பெட்காரரைத்தான் பிடிக்கும் என்றார். உங்கள் இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஜாஸ் நன்றாகத் தெரிந்தவர்களிலேயே இந்த ஆல்பத்துக்கு இரண்டு கட்சி உண்டு. டிரம்பெட்டின் நாதத்துக்கு இதைவிட அழகு கிடையாது என்று ஒரு கட்சி. வயலின்கள் சர்க்கரைப் பாகு, இவ்வளவு பெரிய வித்வான் மனோதர்மம் காட்டாமல் மெட்டோடு நின்றுவிட்டாரே என்று இன்னொரு கட்சி. நீ இரண்டாவது கட்சியில் இருக்கிறாய். நான் முதல் கட்சி. அதற்கு என்ன காரணம் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தச் சாப்பாட்டு விஷயம். நான் மெல்லிசைக் குழுவில் 22 வருஷம் டிரம்பெட் வாசித்தது முக்கால்வாசி ரிசப்ஷனில்தான். எதிரே பந்தி நடந்துகொண்டிருக்கும். யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். நீ பிறப்பதற்கு முந்தின வருஷம், திருச்சியில் ஒரு மண்டபத்தில் மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தோம். சரணத்துக்கு முன்னால் டிரம்பெட்டுக்கு மட்டும் ஓர் இடம். நான் அதை வாசிக்கும்போது, சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்த ஒருவர் வரிசை நடுவில் அப்படியே நின்றுவிட்டார். கரண்டி வாளிக்குள்ளேயே இருந்தது. இலையில் சோறோடு ஆட்கள் அவரையே பார்க்கிறார்கள். என் பகுதி முடிந்த பிறகுதான் அடுத்த இலைக்கு நகர்ந்தார். அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சாப்பாட்டு நேரத்துப் பாட்டை யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார், பாப்பா. அந்த ஒருவருக்காக ஒழுங்காக வாசிக்க வேண்டும்.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். 1955 ஜனவரி 18, 19, 20, மூன்றே நாளில் நியூயார்க்கில் 12 பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். பிரவுனுக்கு அப்போது வயது 24. டிரம்ஸில் மேக்ஸ் ரோச், பியானோவில் ரிச்சி பவல், பாஸில் ஜார்ஜ் மாரோ, எல்லாம் அவருடைய சொந்தக் குழு. அடுத்த மாதமே இதே ஆட்களோடு 'செரோக்கி' என்ற பாட்டை வாசித்திருக்கிறார். அதைத் தேடிக் கேள். விரல் எங்கே இருக்கிறது என்று பிடிக்க முடியாத வேகம். அவ்வளவு வேகம் கையில் இருக்கிற மனுஷன், ஒரு மாதம் முன்னால், வேண்டுமென்றேதான் மெட்டோடு நின்றிருக்கிறார். வேறு ஒன்றும் பண்ணத் தெரியாமல் இல்லை.

மெட்டோடு நிற்பது லேசான காரியம் என்று நினைக்காதே. டிரம்பெட்டில் மூன்று வால்வுதான். மற்றதெல்லாம் உதடும் காற்றும். வேகமாகப் போகும்போது ஒரு சுரம் கொஞ்சம் பிசகினாலும் அடுத்தது வந்து மூடிவிடும். நீண்ட சுரத்தில் ஒளிய இடமே கிடையாது. உதடு களைத்தால் சுருதி இறங்குகிறது, காற்றைக் கூட்டினால் மேலே ஏறுகிறது, மெதுவாக ஊதினால் சுரமே பிடிக்காமல் வெறும் மூச்சு வருகிறது. நான் தினமும் காலையில் மொட்டை மாடியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னலைச் சாத்துவார். பிரவுன் ஒரு சுரத்தை முதலில் நேராக நிறுத்துகிறார், முடியப்போகும்போது மட்டும் அதில் லேசாக ஓர் அசைவு கொடுக்கிறார். நல்ல பாடகர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

மூன்றாவது பாட்டை, 'வாட்ஸ் நியூ', மட்டும் தனியாகக் கேள். அது முதலில் பாட்டே இல்லை. 1938-ல் பாப் ஹேகார்ட் டிரம்பெட்டுக்கென்றே போட்ட மெட்டு, வரிகள் பிறகுதான் வந்தன. ஒரு காலத்தில் காதலித்த இரண்டு பேர் ரொம்ப நாள் கழித்துத் தற்செயலாகப் பார்த்துக்கொள்கிறார்கள். என்ன விசேஷம், எப்படி இருக்கிறாய் என்று சாதாரணமாகப் பேசுகிறார்கள். கடைசியில்தான் தெரிகிறது, கேட்கிறவர் இன்னும் மறக்கவில்லை என்று. இதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டுப் பார். இந்த மெட்டில் அவர் சங்கதி மேல் சங்கதி போட்டிருந்தால், தெருவில் பார்த்த பழைய சிநேகிதியிடம் தன் படிப்பையும் சம்பளத்தையும் சொல்லிக்கொண்டிருப்பது மாதிரி ஆகியிருக்கும்.

அம்மாவிடமும் இதைப் போட்டுக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். ஜாஸ் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் முடிந்ததும், "இவர் எங்கே மூச்சு வாங்குகிறார், தெரியவே இல்லையே?" என்றாள். இத்தனை வருஷம் என் மூச்சைக் கேட்டவள் அல்லவா. மறுபடி போட்டுப் பார்த்தோம். வார்த்தை எங்கே நிற்குமோ அங்கேதான் வாங்குகிறார். இந்த ஆல்பத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே நல்ல அபிப்பிராயம் அம்மா சொன்னதுதான்.

வயலின் விஷயத்தில் உன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 12 பாட்டும் ஏறக்குறைய ஒரே நடை. ஒரே மூச்சில் கேட்டால் திகட்டும். ஆனால் இது இசைத்தட்டாக வந்தது. ஒரு பக்கம் முடிந்தால் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும், அதற்குள் காதுக்கு ஓய்வு கிடைத்துவிடும். நீ ராத்திரிக்கு மூன்று பாட்டு கேள், போதும். வயலின்களுக்கு எழுதிக்கொடுத்த நீல் ஹெஃப்டியும் ஒரு டிரம்பெட்காரர். எந்த இடத்தில் விலகி நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மாப்பிள்ளையிடம் சொல், செட் பேக்கர் எனக்கும் பிடிக்கும். அவரும் ஒரு வருஷம் முன்னால் வயலின்களோடு வாசித்திருக்கிறார். அசைவே இல்லாத மெல்லிய நாதம், விளக்கை அணைத்த அறையில் யாரோ தனக்குள் பேசிக்கொள்வது மாதிரி. பிரவுன் எதிரே நிற்கிறவர் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். எனக்கு வயதாக ஆக இவர்தான் தேவைப்படுகிறார்.

முன்பல் போனதிலிருந்து என்னால் வாசிக்க முடியவில்லை. டிரம்பெட்டில் உதடு வைத்து ஊதுகிற மவுத்பீஸை மட்டும் பீரோவில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அதனால்தான் உனக்கு இதை அனுப்பினேன் போலிருக்கிறது. நான் எப்படி வாசிக்க ஆசைப்பட்டேனோ, அப்படி ஒருவர் வாசித்திருக்கிறார்.

பிரவுனின் ஊர் வில்மிங்டன். நீ இருக்கிற பிலடெல்பியாவிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. கோடையில் அங்கே அவர் பெயரில் திறந்தவெளியில் ஜாஸ் விழா நடத்துகிறார்கள், கட்டணம் இல்லை. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் போய்விட்டு வா. அவருடைய அப்பா வீட்டில் வைத்திருந்த டிரம்பெட்டின் பளபளப்பைப் பார்த்துத்தான் அவருக்கு ஆசை வந்ததாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1956 ஜூன் 26, இந்த ஆல்பம் பதிவாகி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. சிகாகோவில் அடுத்த கச்சேரிக்காகப் பிரவுனும் ரிச்சி பவலும் காரில் போய்க்கொண்டிருந்தார்கள். பவலின் மனைவி ஓட்டினார். ராத்திரி, மழை. பென்சில்வேனியா டர்ன்பைக் நெடுஞ்சாலையில், பெட்ஃபோர்ட் பக்கம் கார் கவிழ்ந்து மூன்று பேரும் போய்விட்டார்கள். குடிப்பழக்கம், போதைப் பழக்கம் எதுவும் இல்லாத பிள்ளை. 25 வயது.

அடுத்த மாதம் பிட்ஸ்பர்க் போவதாகச் சொன்னாய் அல்லவா. வரைபடத்தில் பார்த்தேன், அதே சாலைதான். ராத்திரியில் கிளம்பாதீர்கள். மழை பிடித்துக்கொண்டால் வழியில் எங்காவது தங்கிவிட்டுக் காலையில் போங்கள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, இங்கே எந்த நேரமாக இருந்தாலும் பரவாயில்லை. நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா